சிக்னல்ஸ் படைவீரருக்கு சிசிஎன்ஏ: யூனிட்டில் படிப்பதா, விடுப்பில் முடிப்பதா, டிஸ்சார்ஜ் வரை காத்திருப்பதா?

ஜபல்பூரிலோ கோவாவிலோ உள்ள சிக்னல்ஸ் பயிற்சி மையத்தில் தேறி, சில ஆண்டுகள் யூனிட்டில் தகவல்தொடர்புக் கருவிகளைக் கையாண்ட தமிழ்நாட்டு வீரர்கள் பலர் ஒரே கேள்வியில் சிக்கி நிற்கிறார்கள். வெளியே வந்தபின் நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. அதற்கான சான்றிதழைச் சீருடையில் இருக்கும்போதே சொந்தமாகப் படித்து எடுப்பதா, ஆண்டு விடுப்பில் ஊருக்கு வரும்போது கோச்சிங் நிலையத்தில் சேர்ந்து முடிப்பதா, அல்லது டிஸ்சார்ஜுக்கு முன்னால் அரசு தரும் மறுவாழ்வுப் பயிற்சி வரை பொறுத்திருப்பதா என்பதுதான் முடிவாகாமல் இழுக்கிறது. இக்கட்டுரை தரைப்படையின் சிப்பாய்களையும் ஹவில்தார் நிலையில் உள்ளவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. வான்படை, கடற்படையினருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

சான்றிதழ் எதற்கு, பத்து ஆண்டு அனுபவம் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அனுபவம் போதும்; ஆனால் அதை எழுதிக் காட்ட முடியாது என்பதே சிக்கல். எந்த இடத்தில், எந்தக் கருவியில், எந்த இணைப்பைப் பராமரித்தோம் என்று பயோடேட்டாவில் விரித்தால் 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் குறுக்கே நிற்கும். எனவே நேர்காணலில் நமக்காகப் பேசக்கூடியது வெளியுலகம் அறிந்த ஒரு தேர்வின் முடிவு மட்டுமே.

எந்தச் சான்றிதழ் என்பதை முதலில் முடித்துவிடுவோம்

இந்தியாவில் தொடக்கநிலை நெட்வொர்க்கிங் வேலைகளுக்கான விளம்பரங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது பெரும்பாலும் நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழான சிசிஎன்ஏதான். காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத நல்ல தேர்வு. அடிப்படையை ஒழுங்காகக் கற்றுத்தரும். ஆனால் அதற்கான மதிப்பு அமெரிக்காவிலும், அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்தப் பணிகளிலும்தான் முழுமையாகக் கிடைக்கிறது. சிஸ்கோவின் போட்டி நிறுவனமான ஜூனிப்பரின் தொடக்கநிலைச் சான்றிதழ், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பக்கம் போக விரும்புபவருக்கு இரண்டாவது சான்றிதழாகப் பயன்படலாம். ஒன்றுக்கு மட்டுமே பணமும் நேரமும் இருக்கிறது என்றால் சிசிஎன்ஏ போதும் என்று கொண்டு மேலே செல்கிறேன்.

அத்தேர்வின் எண் 200-301. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் சிறிது புதுப்பிக்கப்பட்டது. நேரம் 120 நிமிடம். முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. பாடப்பகுதிகளில் ஐபி இணைப்பு 25 விழுக்காடு, நெட்வொர்க் அடிப்படையும் நெட்வொர்க் அணுகலும் தலா 20, பாதுகாப்பு 15, ஐபி சேவைகளும் தானியக்கமும் தலா 10 விழுக்காடு. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. தேறியவருக்குச் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கடைசியாகச் சொன்ன அந்த மூன்று ஆண்டுதான், இதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதே இல்லை. பணியில் சேர்ந்த எட்டாம் ஆண்டில் ஒருவர் தேறினால், அவர் பென்ஷனுக்குத் தகுதிபெறும் பதினைந்தாம் ஆண்டுக்கு முன்பே சான்றிதழ் இரண்டு முறை காலாவதியாகிவிடும். புதுப்பிக்க வேண்டுமானால் மீண்டும் தேர்வெழுத வேண்டும், அல்லது சிஸ்கோ ஏற்கும் பயிற்சிகளை முடித்து 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் பணமோ நேரமோ, பெரும்பாலும் இரண்டுமோ ஆகும்.

இரண்டாவது, தொடர்ச்சியான நேரம். தினம் ஒரு மணி நேரம் என்பது இப்படிப்புக்குப் போதுமானது. நான்கு நாள் படித்து இருபது நாள் விட்டால்தான் பயனில்லை. மூன்றாவது, பயிற்சி செய்யும் வசதியும் அதைச் சூழ்ந்துள்ள பாதுகாப்பு விதிகளும். நான்காவது பணம்: தேர்வுக் கட்டணம் 300 டாலர், அன்றைய மாற்று விகிதத்தையும் வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 30,000 ரூபாயைத் தொடும், தோற்றால் அடுத்த முறைக்கு மறுபடியும் முழுக் கட்டணம்.

ஐந்தாவது ஆங்கில வாசிப்பு. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ தமிழ்வழியில் முடித்துச் சேர்ந்தவர், பத்து ஆண்டு பணியில் இந்தியைச் சரளமாகப் பேசக் கற்றிருப்பார். ஆங்கிலமோ ஃபைலில் கையெழுத்துப் போடும் அளவில் நின்றிருக்கும். யூடியூபில் தமிழிலும் இந்தியிலும் நல்ல பாடங்கள் கிடைக்கின்றன, ஆனால் தேர்வின் கேள்விகள் ஆங்கிலத்தில் நான்கைந்து வரிக்கு நீளும், "கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாத இரண்டு எவை" என்ற வகையில் திருகியும் இருக்கும். பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் தோற்பவர்கள் இருக்கிறார்கள்.

வழி ஒன்று: யூனிட்டில் இருந்தபடியே சொந்தமாகப் படிப்பது

இவ்வழியின் பெரிய பலம் செலவின்மை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கினால், நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், நான்கு கணினி என்று திரையில் இழுத்துப் போட்டு, வீலான் 10, வீலான் 20 என்று தனித்தனி உள்நெட்வொர்க்குகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் எனும் சோதனைச் செய்தி போகிறதா என்று பார்க்கும் பயிற்சியைச் சாதாரண லேப்டாப்பிலேயே செய்யலாம். சிசிஎன்ஏ அளவுக்கு உண்மையான கருவிகள் வாங்கத் தேவையில்லை.

லேப்டாப் இல்லாமலே நடக்கக்கூடிய பகுதியும் உண்டு, அதுவே பலருக்கு இடறும் பகுதி. சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு, முழுவதும் தாளிலும் பென்சிலிலும் பழக வேண்டியது. 172.16.20.77/27 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். /27 என்றால் 32 முகவரிகள் கொண்ட துண்டுகள். 77 எண்ணானது 64 முதல் 95 வரையுள்ள துண்டில் விழுகிறது. எனவே நெட்வொர்க் முகவரி .64, எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி .95, கருவிகளுக்குத் தரக்கூடியவை .65 முதல் .94 வரை 30. இப்படி நாளுக்குப் பத்துக் கணக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டு வந்தால், சிக்னலே கிடைக்காத போஸ்டிலும் படிப்பு நிற்காது. மூன்று மாதத்தில் மனக்கணக்காகவே வந்துவிடும். தேர்வறையில் அது மிச்சப்படுத்தும் நிமிடங்கள் ஆங்கிலக் கேள்விகளை இருமுறை வாசிக்க உதவும்.

மறைந்திருக்கும் விலை விதிகளில் இருக்கிறது. சொந்த லேப்டாப்பைப் பாரக்கில் வைத்திருக்க யூனிட் அனுமதி வேண்டும். வெளிப் படிப்பில் சேரவும் முறையாக எழுதிக் கேட்பதே நல்லது. யூனிட்டின் கருவியில் "சும்மா ஒரு கான்ஃபிகரேஷன் போட்டுப் பார்ப்பது", அலுவலகக் கணினியில் பென்டிரைவைச் செருகிப் பாடக் கோப்புகளை மாற்றுவது ஆகிய இரண்டும் வேலைக்கே உலை வைக்கும். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை வீரர்கள் தங்கள் ஃபோன்களிலிருந்து நீக்க வேண்டும் என்று தரைப்படை உத்தரவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். முகமறியாதவர்கள் நிரம்பிய படிப்புக் குழுக்களில் சேர்ந்து, "நான் இன்ன யூனிட், இன்ன இடம்" என்று அறிமுகம் எழுதுவது படிப்பு ஆர்வத்தால் செய்யப்படும் பாதுகாப்பு மீறலே. வேலைவாய்ப்புத் தளங்களில் சுயவிவரம் ஏற்றுவதை டிஸ்சார்ஜ் வரை தள்ளிவைப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை எல்லாம் போஸ்டிங்கைச் சார்ந்தது. பீஸ் ஸ்டேஷன் எனப்படும் அமைதிப் பகுதி முகாமில் மாலை விளையாட்டு முடிந்து ரோல்கால் ஆனபின் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். கிழக்கு லடாக்கிலோ சியாச்சின் பகுதியிலோ இருப்பவரிடம் கால அட்டவணை போடச் சொல்வது நியாயமன்று. அங்கே நோட்டுப் புத்தகக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே பீஸ் போஸ்டிங் ஆணை கையில் வரும் நாளையே படிப்பின் தொடக்க நாளாக வைப்பது என் பரிந்துரை.

வழி இரண்டு: ஆண்டு விடுப்பில் கோச்சிங்

தரைப்படை வீரருக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ ஒரு நிலையத்தில் சேர்ந்து, ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, உண்மையான கருவிகளைத் தொட்டுப் படித்து, விடுப்பு முடியும் முன் தேர்வையும் எழுதிவிட்டுத் திரும்பலாம் என்பது காகிதத்தில் அழகான திட்டம். ஆங்கிலம் தடுமாறுபவருக்கும், தானாகப் படித்துப் பழக்கமில்லாதவருக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பது பெரும் துணை என்பதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த அறுபது நாள் வீரருக்கு மட்டும் சொந்தமானதன்று. பத்து மாதம் ஊரில் தேங்கிக் கிடந்த வேலைகள் எல்லாம் அவருக்காகக் காத்திருக்கும்: தங்கையின் கல்யாணம், குலதெய்வக் கோயில் கொடை, பட்டா மாற்றம், அம்மாவின் கண் ஆபரேஷன், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை. போக வர ரயிலில் கழியும் நாள்களைக் கழித்து, சென்னையில் தங்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால், கோச்சிங் கட்டணத்தைவிட அதைச் சுற்றியுள்ள செலவே கூடுதலாக நிற்கும். வீட்டில் எழும் மனக்கசப்பை ரூபாயில் எழுத முடியாது. அது கணக்கில் இல்லை என்று பொருளும் இல்லை.

விடுப்பு எந்நேரமும் ரத்தாகலாம் என்பது அடுத்த இடர். 2025 மே மாதம் எல்லையில் மோதல் மூண்டபோது விடுப்பில் இருந்த வீரர்கள் பலர் உடனே திரும்ப அழைக்கப்பட்டார்கள். கட்டிய கோச்சிங் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது. தேர்வு முன்பதிவையோ குறித்த நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக மாற்றிக்கொண்டால்தான் பணம் தப்பும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். "ஒரே மாதம், தேர்ச்சி உறுதி" என்று விளம்பரம் செய்யும் சில இடங்களில் கற்றுத்தரப்படுவது நெட்வொர்க்கிங் அல்ல. கசிந்த கேள்வி விடைகளின் தொகுப்பான டம்ப்ஸ். விடுப்பின் அவசரத்தில் வருபவர் அதற்கு எளிதில் இரையாவார். பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழைப் பறித்து, மறுபடி எழுதவும் தடை விதிக்கும். பிடிபடாவிட்டாலும் முதல் நேர்காணலில் "இந்த ரவுட்டருக்கு ஓஎஸ்பிஎஃப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கப்படும்போது விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இவ்வழி யாருக்குப் பொருந்தும்? பாடத்தின் பெரும்பகுதியை யூனிட்டிலேயே முடித்துவிட்டு, தெளியாத இரண்டு மூன்று பகுதிகளுக்காக மட்டும் இரண்டு வாரம் ஆசிரியர் தேடுபவருக்கு. தொடக்கம் முதல் முடிவு வரை விடுப்பிலேயே என்ற திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி மூன்று: டிஸ்சார்ஜுக்கு முந்தைய மறுவாழ்வுப் பயிற்சி

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், டிஜிஆர் என்று எல்லோரும் அழைப்பது, ஓய்வை நெருங்கும் வீரர்களுக்குச் சில வாரங்கள் முதல் 24 வாரங்கள் வரையிலான பயிற்சிகளை நாட்டின் பல நகரங்களில் உள்ள நிறுவனங்கள் வழியாக நடத்துகிறது. அதிகாரிகள் கட்டணத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும். சுபேதார் போன்ற ஜேசிஓக்களுக்கும் மற்ற வீரர்களுக்கும் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது. பணிக்காலத்துக்குள் நடப்பதால் சம்பளமும் ஓடும். முழுநேரமாக மாதக்கணக்கில் படிக்கும் வாய்ப்பு, பணியில் இருக்கும் ஒருவருக்கு வேறு எப்போதும் வாய்ப்பதில்லை.

இருந்தும் இதை மட்டும் நம்பியிருப்பது சரியன்று. பட்டியலில் உள்ள பயிற்சிகள் ஆண்டுதோறும் மாறும். நெட்வொர்க்கிங் பயிற்சி அந்த ஆண்டு எந்த நகரில் நடக்கிறது, எத்தனை இடங்கள், உங்கள் விண்ணப்பத்தை யூனிட் எப்போது மேலே அனுப்புகிறது என்பவற்றையெல்லாம் பொறுத்தே இடம் கிடைக்கும். ஒரே வகுப்பில் கணினியைத் தொட்டறியாதவரும் பத்து ஆண்டு சிக்னல்ஸில் இருந்தவரும் அமர்வதால் பாடத்தின் வேகம் பின்னவருக்கு மெதுவாகப் படும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ் வேறு, சிஸ்கோவின் சான்றிதழ் வேறு. தேர்வுக் கட்டணம் பயிற்சிக்குள் அடங்குமா என்று சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்த 30,000 ரூபாய் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

அக்னிவீரர்களுக்கு இந்த வழியே கிட்டத்தட்ட அடைபட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி நான்கு ஆண்டு முடிந்து வெளியேறுபவருக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியை ஒட்டிவரும் சலுகைகளும் இல்லை, ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி மட்டுமே கையில் வரும். ஆண்டு விடுப்பும் 30 நாள்தான். எனவே அவர்களுக்கு முதல் வழியே முதன்மையான வழி.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | யூனிட்டில் சொந்தமாக | விடுப்பில் கோச்சிங் | மறுவாழ்வுப் பயிற்சி |
|---|---|---|---|
| மூன்றாண்டுக் காலாவதி | தேர்வை முன்கூட்டி எழுதினால் வீணாகும் | அதே இடர் | டிஸ்சார்ஜை ஒட்டி வருவதால் இடர் மிகக் குறைவு |
| தொடர்ச்சியான நேரம் | பீஸ் ஸ்டேஷனில் உண்டு, ஃபீல்டில் அரிது | குறுகியது, ரத்தாகக்கூடியது | முழுநேரம் |
| பயிற்சி வசதி | பேக்கெட் டிரேசர், தாள். விதிகள் இறுக்கம் | கருவிகள் கிடைக்கலாம் | நிறுவனத்தைப் பொறுத்தது |
| பணம் | தேர்வுக் கட்டணம் மட்டும் | கோச்சிங், தங்கல், தேர்வு | பயிற்சி இலவசம். தேர்வுக் கட்டணத்தைக் கேட்டறிய வேண்டும் |
| ஆங்கிலம் | தானே பழக வேண்டும் | ஆசிரியர் துணை உண்டு | ஆசிரியர் துணை உண்டு |
| அக்னிவீரருக்கு | பொருந்தும் | ஓரளவு | பொருந்தாது |

தேர்வு நாளைக் குறிக்கும்போது

சிஸ்கோவுக்காகத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனம் மையத்திலும் வீட்டிலிருந்தும் தேர்வெழுத வழி தருகிறது. வீட்டுத் தேர்வில் அறையில் வேறு எவரும் இருக்கக்கூடாது, கேமரா தொடர்ந்து ஓட வேண்டும், அறையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். பாரக்கையோ ராணுவக் குடியிருப்பையோ இப்படிப் படம்பிடித்து வெளியே அனுப்புவதை நினைத்தும் பார்க்கக்கூடாது. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ள மையத்தில் எழுதுவதே முறை.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இங்கு இருக்கிறது. பதிவில் தரும் முதற்பெயரும் இறுதிப் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம்மவருக்கு ஆதாரில் "முருகன் எஸ்", ஓட்டுநர் உரிமத்தில் "எஸ். முருகன்", சர்வீஸ் ரெக்கார்டில் தந்தை பெயரை விரித்து "முருகன் செல்வராஜ்" என்று மூன்று வடிவங்கள் இருக்கும். மையத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணம் போனதுதான். பெயர், படம், கையொப்பம் மூன்றும் கொண்ட ஒரு சிவில் அடையாள அட்டையைத் தேர்ந்து, அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். திருத்தம் தேவையென்றால் முந்தைய விடுப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் படைவீரருக்கான சான்றிதழ் அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் படையினருக்காக எழுதப்பட்டவை. அங்கே தேர்வுக் கட்டணத்தை அரசே தரும் திட்டங்கள் இருப்பதால் "கிடைத்ததையெல்லாம் எழுதிக் குவியுங்கள்" என்ற தொனி அவற்றில் இருக்கும். சொந்தப் பணத்தில் எழுதும் நமக்கு அது ஒத்துவராது.

யாருக்கு எது

பணியில் இன்னும் ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர் இப்போதே படிக்கத் தொடங்கலாம், ஆனால் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம். படிப்பு காலாவதியாவதில்லை, சான்றிதழ்தான் ஆகிறது. அந்த ஆண்டுகளில் பட்டம் இல்லாதவர் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகமான இக்னோ வழியாக பிசிஏ போன்ற ஒன்றை முடித்துவைத்தால், பட்டதாரிகளை மட்டும் கூப்பிடும் நிறுவனங்களின் கதவும் திறக்கும்.

கடைசி இரண்டு ஆண்டில் இருப்பவர் மூன்றாம் வழிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது கிடைக்காமல் போகலாம் என்ற கணக்கோடு முதல் வழியிலும் நடக்க வேண்டும். தேர்வை டிஸ்சார்ஜுக்கு முந்தைய ஓராண்டுக்குள் வைத்துக்கொண்டால், வேலை தேடும் காலம் முழுவதும் சான்றிதழ் உயிரோடு இருக்கும். இவர்களுக்கு மற்றொரு சாதகம் உண்டு. வெளியே கிடைக்கும் முதல் வேலை, இரவுப் பணியோடு கூடிய நெட்வொர்க் கண்காணிப்பு மைய வேலையாக இருக்கும். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிகளுக்குத் தரும் சம்பளத்தையே தருவார்கள். மாதாமாதம் பென்ஷன் வருவதால் அந்த முதல் இரண்டு ஆண்டைத் தாங்கிக்கொள்ள இவர்களால் முடியும். தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகக் கிடைக்கும் காவல் பணியின் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டு உடனே மனம் சோர வேண்டியதில்லை, மூன்றாம் ஆண்டில் எங்கே நிற்போம் என்று பார்க்க வேண்டும்.

அக்னிவீரருக்கு அந்தத் தாங்குதல் கிடையாது. நான்காம் ஆண்டின் முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பதால், எடுக்கப்பட மாட்டோம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டிலிருந்து நோட்டுப் புத்தகமும் பேக்கெட் டிரேசரும். நான்காம் ஆண்டின் விடுப்பில், முதல் வாரத்திலேயே தேர்வு. தவறினால் சிஸ்கோவின் விதிப்படி ஐந்து நாள் கழித்து மீண்டும் எழுதலாம். அதே விடுப்புக்குள் இரண்டாம் முயற்சிக்கு இடம் இருக்கும்.